ஊறுகாய் சாடியில் வந்த வயிறு

எங்கள் பழைய ஆபீஸ்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கமும் பூப்படமும் போக, யாருக்கு முழங்கால் வலி, யாருக்குக் கண் ஆபரேஷன் என்று ஓடும். போன மாதம், இப்போது வேலையில் இருக்கிற ஒரு பெண் டாக்டர் அதில் ஒரு செய்தி போட்டார். மனுஷக் குடலில் இருக்கிற நுண்ணுயிர்கள், லேசில் அழியாத ரசாயனங்களைத் தங்களுக்குள் இழுத்து வைத்துக்கொள்கின்றனவாம். உடனே நாலு பேர் கைதட்டுகிற படம் போட்டார்கள். ஒருவர், "அப்போ இனிமே கத்திரிக்காயைக் கழுவாமலே சாப்பிடலாம்" என்று எழுதினார். முப்பது வருஷம் ஆய்வுக்கூடத்தில் குப்பை கொட்டியவர் எழுதுகிற எழுத்தா இது? எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வயிற்றுக்குள் இருப்பவை நஞ்சைச் சும்மா விடுவதில்லை, உண்மைதான். சிலதைப் பிடித்து வைக்கும், சிலதை வேறொன்றாக மாற்றும். மாறியதால் அது ஒழிந்தது என்று அர்த்தமில்லை. "இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு ஆளை ஜெயிலில் உட்கார வைத்துத் தெரிந்துகொண்டேன்" என்று பதில் எழுதினேன். அந்தப் பெண், "சார், முழுசா எழுதுங்களேன்" என்றார். எழுதுகிறேன்.

நான் பூதலூர்க்காரன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்துவிட்டு, தஞ்சாவூரில் கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் லேப் அசிஸ்டன்ட்டாகச் சேர்ந்தேன். காலைப் பாசஞ்சரில் போய் மாலைப் பாசஞ்சரில் திரும்புவேன். முதல் மூன்று வருஷம் சாணி, ரத்தம், மூத்திரம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் டெல்டாவுக்குப் புதுநெல் வந்தது. புதுநெல்லுக்குப் புதுப்பூச்சி, பூச்சிக்கு எண்ட்ரின். வரப்புப் புல்லைத் தின்ற மாடுகள் விழ ஆரம்பித்தன. எங்களுக்கு விஷம் பார்க்கிற வேலை வந்தது.

எங்கள் மேலதிகாரி டாக்டர் சந்தானம். கூட்டுகிற ஆள் உட்பட எல்லோரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் ஏறும். "ராஜமாணிக்கம் அவர்களே" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து, மாட்டி, பிறகுதான் எதையும் பார்ப்பார். அறிக்கை விஷயத்தில் அவருக்கு ஒரே விதி. "பாத்ததை எழுதுங்க. நெனச்சதை வீட்டுக்குக் கொண்டு போங்க."

விஷம் பார்ப்பது இப்படி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் வெள்ளைப் பசையைத் தோசை மாவு மாதிரி மெலிசாக இழுத்துக் காயவைக்க வேண்டும். செத்த மாட்டின் வயிற்றுச் சரக்கிலிருந்து கரைத்து எடுத்ததை அடியோரத்தில் ஒரு சொட்டு வைப்போம். பக்கத்திலேயே எண்ட்ரின், பி.எச்.சி., டி.டி.டி. என்று இந்தப் பக்கம் விற்கிற மருந்துகள் ஒவ்வொன்றும் ஒரு சொட்டு. தகட்டை மூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் நிறுத்தினால், அடியில் ஊற்றிய திரவம் மெல்ல மேலே ஏறும். ஒவ்வொரு மருந்தும் தனக்கென்று ஒரு உயரத்தில் நின்றுவிடும். அப்புறம் வெள்ளி நைட்ரேட் தெளித்து மொட்டை மாடியில் வெயிலில் வைப்போம். தஞ்சாவூர் வெயிலுக்குச் சம்பளம் கேட்கத் தெரியாது, பதினைந்து நிமிஷத்தில் பழுப்புப் புள்ளிகள் எழும்பிவிடும். மாட்டு வயிற்றிலிருந்து வந்த புள்ளி எந்த மருந்தின் உயரத்தில் நிற்கிறதோ அதுதான் விஷம். புள்ளிகளை எண்ணெய்த்தாளில் பென்சிலால் படியெடுத்து ஃபைலில் வைத்துவிட்டுத் தகட்டைக் கழுவிவிடுவோம். வேறு தகடு வாங்கித் தர ஆள் கிடையாது.

கழக ஆட்சி வந்து, ஃபைல்கள் தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. டாக்டருக்கு ஆங்கிலத்தில் எழுதிப் பழக்கம். எனக்குத் தமிழ் எழுத வரும் என்று ஆபீஸ் முழுக்கப் பெயர். பிரிவு உபசார விழாவுக்கெல்லாம் வாழ்த்து மடல் எழுதித் தருவேன். ஆகவே அறிக்கைகளைத் தமிழில் எழுதுவது என் வேலையானது. கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

அந்த வருஷம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு ஊரில் கூலித் தகராறு. ஊர்ப் பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சங்கம் வேலைநிறுத்தம் சொல்லி, ஆட்கள் பத்து நாளாக மிராசுதார் வீட்டுப் படி ஏறவில்லை. அந்தச் சமயத்தில் அவருடைய உழவு மாடுகள் ஜோடியாகச் செத்தன. செவலை முதலில், மறுநாள் மயிலை. வீரையன் என்கிற குத்தகைக்காரர் பொழுது சாய்கிற நேரத்தில் கொல்லை வேலி வழியாக உள்ளே வந்து, மயிலையின் வாய்க்குள் எதையோ திணித்ததை மிராசுதார் கண்ணால் பார்த்திருக்கிறார். போலீஸ் போய் வீரையன் குடிசையைச் சோதித்தால் எண்ட்ரின் டின் ஒன்று இருக்கிறது. காலி டின்தான், அதில் அவர்கள் அரிசி போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் எந்தக் குடிசைக்குப் போனாலும் அப்படி ஒரு டின் இருக்கும், கழுவினால் போயிற்று என்று நினைப்பார்கள். வீரையனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

மாட்டு வயிற்றுச் சரக்கில் ஒரு பங்கு சென்னைக்குப் போனது. அங்கேயிருந்து பதில் வர மாசக்கணக்காகும் என்று சப்-இன்ஸ்பெக்டர் எங்களுக்கும் ஒரு பங்கு அனுப்பினார். ஸ்பிரிட் ஊற்றி அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஊறுகாய் சாடியில் விளிம்பு வரை நிரப்பி, துணி கட்டி, மெழுகு ஊற்றி அடைத்துவிட்டார். தகராறில் பஸ் ஓடாததால் சாடி வர மூன்று நாளாயிற்று. நான் திறந்தபோது புஸ்ஸென்று காற்று வெளியேறியது. நாற்றம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேனே தவிர, ஏன் காற்று வருகிறது என்று யோசிக்கவில்லை.

டாக்டர் மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவில் இருந்தார். நானே தகடு போட்டேன். மாட்டுப் புள்ளி எண்ட்ரின் உயரத்தில் இல்லை, பி.எச்.சி. உயரத்தில் இல்லை. டி.டி.டி. உயரத்துக்கு இரண்டு விரல் கீழே, கரேலென்று தனியாக ஒரு புள்ளி. டி.டி.டி. உயரத்தில் லேசாக ஒரு கறை இருந்தது. தகட்டு அழுக்கு என்று விட்டுவிட்டேன்.

'எண்ட்ரின் காணப்படவில்லை' என்று எழுதினேன். அதோடு பேனாவை மூடியிருந்தால் வீரையன் அந்த வாரமே வீடு போயிருப்பார். டின்னும் எண்ட்ரின் டின்தானே? ஆனால் அறிக்கை மொட்டையாக நிற்பதாக எனக்குத் தோன்றியது. நம்ம தமிழ் என்னாவது? கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'இந்நஞ்சு இவ்வட்டாரத்தில் புழங்கும் மருந்துகளுள் எதனோடும் பொருந்தாமையால், வெளியிடத்திலிருந்து கொணரப்பட்டதெனக் கருத இடமுண்டு.' இரண்டு தரம் சத்தமாகப் படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். டாக்டருக்குப் பதிலாகப் பொறுப்பில் இருந்த மாட்டு மருத்துவர் அவசரத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, வெளியூர் சங்கத்து ஆட்கள் விஷம் கொண்டுவந்து வீரையன் கையில் கொடுத்தார்கள் என்று போலீஸ் கோர்ட்டில் சொன்னது. ஜாமீன் கிடைக்கவில்லை. எனக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

டாக்டர் லீவு முடிந்து வந்த அன்று ஃபைல்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், இந்த அறிக்கையில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படியெடுத்த தாளைக் கொண்டுவரச் சொன்னார். நான் கொடுத்த தாளில் அந்த லேசான கறையையும் விட்டுக்கொடுக்காமல் புள்ளிக்கோடு போட்டு வரைந்திருந்தேன். கை நேர்மையாகத்தான் இருந்தது.

"இது என்ன?"

"தகட்டு அழுக்கு சார்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சார் நெனச்சேன்."

"ராஜமாணிக்கம் அவர்களே, பாத்ததை எழுதலை. நெனச்சதை எழுதியிருக்கீங்க."

அவர் அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று மத்தியானமே ஒரு அம்மா வந்தார். வீரையனின் மனைவி அஞ்சலை. திருத்துறைப்பூண்டியிலிருந்து மூன்று பஸ் மாறி, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எங்க ஆளைப் பத்தி என்னங்க எழுதினீங்க? உங்க காகிதம் வந்தப்புறம்தான் ஜாமீனே இல்லைன்னுட்டாங்களாம். வக்கீல் சொன்னாரு."

டாக்டர்தான் பேசினார். "அவரு மாட்டு வாயில எதைங்க வச்சாரு?"

அஞ்சலை வாசல் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அசைங்க. எங்க வீட்டுப் பசு படுத்து அசை போட்டுக்கிட்டு இருந்துச்சு. அது வாயிலேர்ந்து ஒரு கை எடுத்துக்கிட்டுப் போனாரு. தீனி எடுக்காத மாட்டுக்கு நல்ல மாட்டு அசையை ஊட்டினா வயிறு மறுபடி ஓடும். எங்க பக்கம் எல்லாரும் செய்யறதுதான். செவலை செத்துப்போச்சு, மயிலையும் நிக்க முடியாம உதறுதுன்னு கேட்டதும் அவரால இருக்க முடியலை. கன்னுக்குட்டியிலேர்ந்து அவரு வளத்த மாடுங்க ரெண்டும்."

"இதைப் போலீஸ்ல சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிங்க சொல்லுவாரு? ஸ்ட்ரைக் நேரத்துல மிராசுதார் மாட்டைப் பாக்கப் போனேன்னு சொன்னா, சங்கத்துல கருங்காலின்னுல்ல சொல்லுவாங்க? அதான் வேலி வழியா போனாரு. இப்பவும் வாயைத் தொறக்க மாட்டேங்கறாரு."

போகும்போது இன்னொன்றும் சொன்னார். குத்தகைப் பதிவுச் சட்டம் வந்த புதிது. வருகிற வியாழக்கிழமை தாசில்தார் ஆபீசிலிருந்து ஊருக்கு வந்து, எந்த வயலில் யார் சாகுபடி என்று நேரில் பார்த்து எழுதப்போகிறார்கள். வீரையனின் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், நிலத்தில் அன்றைக்கு அவர் நிற்கவில்லை என்றால், அவர் பெயர் பதிவேட்டில் ஏறாது. அப்பா காலத்திலிருந்து உழுத நிலம். "நான் நின்னா எழுத மாட்டாங்களாம்" என்றார் அஞ்சலை. நடுவில் ஆறு நாள்தான் இருந்தது.

அந்த அம்மா போனதும் டாக்டர் சாடியை எடுத்துவரச் சொன்னார். அலமாரியில் ஜன்னலோரமாக வெயில் படுகிற இடத்தில் வைத்திருந்தேன். மூடியைத் தளர்த்தினார். மறுபடி புஸ்ஸென்றது. இந்தத் தடவை நான் முகத்தைத் திருப்பவில்லை.

"அந்தம்மா சொன்னது காதுல விழுந்துச்சா? அசையை மாத்திக் கொடுத்தா வயிறு ஓடும்னா, அசையில உசிர் இருக்குன்னு அர்த்தம். மாட்டோட மொத வயித்துல கோடிக்கணக்குல கிருமி இருக்கு. அதுங்கதான் வைக்கோலைச் செரிக்குது. வைக்கோல் வந்தாலும் வேலை செய்யும், வெஷம் வந்தாலும் வேலை செய்யும். நீங்க வெஷத்தைத் தேடினீங்க, வயித்தை மறந்துட்டீங்க. மாடு செத்தது அதுங்களுக்குத் தெரியாது. சாடிக்குள்ளயும் வேலை பாத்துக்கிட்டுதான் இருந்திருக்கு."

"அப்போ அந்தப் புள்ளி, சார்?"

"தெரியலை. பாப்போம்."

மறுநாள் விடியற்காலையில் ஒரு பெரிய ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கசாப்புக்காரரிடம் போனேன். டாக்டர் மகள் கல்யாணத்தில் காபி ஊற்றிய ஃபிளாஸ்க் அது. அப்போதுதான் அறுத்த மாட்டின் வயிற்றுச் சரக்கைச் சூடு ஆறாமல் அதில் பிடித்துவந்து, வேட்டித் துணியில் வடிகட்டினேன். டாக்டர் மூன்று புட்டி வைத்தார். ஒன்றில் வடித்த நீரும் டி.டி.டி.யும். இரண்டாவதில் அதே நீரைக் கொதிக்கவைத்து, கிருமியெல்லாம் செத்தபின் டி.டி.டி. மூன்றாவதில் மருந்து சேர்க்காத வடித்த நீர் மட்டும். மூன்றையும் காற்றுக்கு இடமில்லாமல் வாய் வரை நிரப்பி ரப்பர் கார்க் போட்டோம். மாட்டு உடம்புச் சூட்டில் வைத்திருக்க எங்களிடம் பெட்டி கிடையாது. கோழிப் பிரிவில் குஞ்சு பொரிக்கிற பெட்டி இருந்தது. முட்டைகளுக்கு நடுவில் மூன்று புட்டியையும் சொருகினோம். கோழிப் பிரிவுக்காரர் தினம் வந்து சண்டை. "பொறக்கிற குஞ்செல்லாம் அம்மான்னு கத்தப்போகுது பாருங்க" என்பார்.

தினம் ஒவ்வொரு புட்டியிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் தகடு போட்டோம். ஞாயிற்றுக்கிழமையும் போட்டோம். கொதிக்கவைத்த புட்டியில் டி.டி.டி. அதே உயரத்தில் குத்துக்கல்லாக நின்றது. மருந்து சேர்க்காத புட்டியில் ஒன்றுமில்லை. உயிருள்ள புட்டியில் டி.டி.டி. புள்ளி நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தது. அதற்கு இரண்டு விரல் கீழே, முதல் நாள் இல்லாத ஒரு புள்ளி எழும்பிக் கறுத்துக்கொண்டே போனது. மூன்றாம் நாள் தகட்டின் மேல் என் பழைய எண்ணெய்த்தாளை வைத்தேன். இரண்டு புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. நான் அழுக்கு என்று சொன்ன கறைதான் மிச்சமிருந்த டி.டி.டி.

"கிருமிங்க டி.டி.டி.லேர்ந்து ஒரு குளோரினைக் கழட்டிடுச்சுங்க" என்றார் டாக்டர். "இது அதோட வேற வடிவம், அவ்வளவுதான். யாரும் எங்கேருந்தும் கொண்டு வரலை."

நான் மொட்டை மாடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எது அதிகம் என்று இப்போதும் சொல்ல முடியாது.

ஆனால் டி.டி.டி. மாட்டுக்குள் எப்படிப் போயிற்று? செவ்வாய்க்கிழமை நானும் டாக்டரும் சப்-இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு மிராசுதார் வீட்டுக்குப் போனோம். கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன். மாடு செத்த துக்கம் முகத்தில் அப்படியே இருந்தது. சட்டையெல்லாம் மூக்குப்பொடிக் கறை. தீனி வைக்கிற அறையைத் திறந்துவிட்டார். தவிட்டு மூட்டை, புண்ணாக்கு, ஓரத்தில் மாட்டு உப்பு மூட்டை. அதன் பக்கத்தில் இன்னொரு சாக்கு, வாய் திறந்து கிடந்தது. கரையானுக்கு என்று எப்போதோ வாங்கிப் போட்ட டி.டி.டி. பவுடர். உள்ளே ஒரு கொட்டாங்கச்சி பாதி புதைந்து கிடந்தது.

டாக்டர் மெதுவாகக் கேட்டார். "ஆளுங்க வராத பத்து நாளும் மாட்டுக்குத் தண்ணி காட்டினது யாருங்க?"

"நான்தான். வேற யாரு இருக்கா? அவனுங்க கலக்கிற மாதிரியே தவிடு, புண்ணாக்கு, உப்பு எல்லாம் போட்டுத்தான்..." அவர் அந்தக் கொட்டாங்கச்சியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறந்ததிலிருந்து ஒரு நாளும் மாட்டுக்குத் தீனி கலக்காத மனுஷர். உப்பும் டி.டி.டி.யும் இரண்டுமே வெள்ளைப் பொடி. மருந்து நெடி அடிக்கும்தான், ஆனால் அந்த மூக்குக்கு எந்த வாசனையும் ஏறி வருஷக்கணக்காகியிருந்தது.

"அப்போ வீரையன் என்னத்தைடா வாயில வச்சான்?" என்று யாரிடமோ கேட்கிற மாதிரிக் கேட்டார். டாக்டர் சொன்னார். மிராசுதார் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அன்றைக்கே சப்-இன்ஸ்பெக்டரிடம் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புதன்கிழமை கோர்ட். இரண்டாவது அறிக்கையை நான்தான் எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. பார்த்தது மட்டும் இருந்தது, அலங்காரம் ஒன்றும் இல்லை. டாக்டர் மூன்று நாள் தகடுகளையும் கழுவாமல் கையோடு கொண்டுவந்திருந்தார். மாஜிஸ்ட்ரேட் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "முதல் அறிக்கையில் வெளியிடத்திலிருந்து வந்தது என்று இருக்கிறதே, அது யார் கருத்து?" என்று கேட்டார். டாக்டர், "எங்க ஆபீஸ் கருத்து, பொறுப்பு என்னுது" என்று எழுந்தார். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. நானும் எழுந்தேன். "அந்த வரியை எழுதினது நான்தாங்க ஐயா. அதுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. அழகா இருக்குன்னு எழுதிட்டேன்" என்றேன். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. எனக்கு அப்புறம் மெமோ வந்தது, வர வேண்டியதுதான்.

வீரையனை அன்று மாலையே விட்டுவிட்டார்கள். மறுநாள் அவர் தன் மூன்று மாவில் நின்றார், பதிவேட்டில் பெயர் ஏறியது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதைக்க வேண்டாம்.

அன்று மாலை கோர்ட்டு வாசல் புங்க மரத்தடியில் டாக்டரும் நானும் பஸ்ஸுக்கு நின்றோம். அஞ்சலை வீரையனைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். குள்ளமான மனுஷர், யாருடையதோ பெரிய சட்டை. நான் முந்திக்கொண்டு, "என்னாலதாங்க இத்தனை நாள் உள்ள இருந்தீங்க. மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"அது கெடக்கட்டும் சார்" என்றார். அந்தப் பேச்சில் அவருக்கு அக்கறையே இல்லை. வேறு எதையோ கேட்க வந்து, கேட்கத் தயங்கி, கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சார், நான் குடுத்த அசையினால மயிலைக்கு ஒண்ணும் ஆயிடலையே? உள்ள படுத்திருக்கும்போதெல்லாம் அதே நெனப்புதான். வெஷம் இருக்கிற வயித்துல நான் வேற எதையோ போட்டு, அதனாலதான் சீக்கிரம் போயிடுச்சோன்னு..."

இத்தனை நாளும் சிறைக்குள் அந்த மனுஷர் பயந்துகொண்டிருந்தது கேஸைப் பற்றி இல்லை, நிலத்தைப் பற்றியும் இல்லை.

இதற்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியாது. ஒரு கைப்பிடி அசை அந்த வயிற்றுக்குள் என்ன செய்தது என்று பார்க்க எங்களிடம் தகடு இல்லை. செவலைக்கு அசை ஊட்டவில்லை, மயிலைக்கு ஊட்டினார், மயிலை ஒரு நாள் கூடுதலாக இருந்தது. அது எதையும் நிரூபிக்காது. மயிலை குறைவாகக் குடித்திருக்கலாம்.

"இல்லைங்க" என்றேன். "நீங்க குடுத்த அசையாலதான் அது ஒரு நாள் கூடுதலா இருந்துச்சு. உள்ள போனதுங்க வெஷத்தோட சண்டை போட்டிருக்கு."

அவர் என்னை நம்பினாரா தெரியவில்லை. முதல் காகிதம் எழுதிய ஆள் நான் என்று இப்போதுதானே சொல்லியிருக்கிறேன். டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். அஞ்சலையும் பார்த்தார். நான் டாக்டர் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"ஆமாங்க" என்றார். "அவரு சொல்றது சரிதான்."